நாள்பட்ட நுரையீரல் நோயும் மனநலமும்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்டுக்கணக்கில் மூச்சுத் திணறலோடு வாழ்கிறவர்களுக்காகவும் அவர்களைக் கவனித்துக்கொள்கிற குடும்பத்தாருக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. மருத்துவமனைகளில் சிஓபிடி என்று சொல்லப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மையமாக வைத்தே பதில்கள் அமைந்துள்ளன. காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் தங்கிவிடும் தழும்புகள், மூச்சுக்குழாய் விரிவு, நுரையீரல் இறுகிப்போகும் நோய்கள் ஆகியவற்றோடு வாழ்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இது மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்று அல்ல.

நோய் இருப்பது நுரையீரலில். மனத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

இந்த நோயில் மூச்சும் மனமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகின்றன. சிஓபிடி உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பதற்றமும் பரவலாகவே காணப்படுகிறது. மனம் சோர்ந்தவர் இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பதில்லை. நடப்பதையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொள்கிறார். சளியின் நிறம் மாறினாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார். அதனால் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. மூச்சுத்திறன் சோதனையில் ஒரே அளவு காட்டும் இருவரில் ஒருவர் தினமும் கடைத்தெருவுக்குப் போய்வருவதையும் மற்றவர் கட்டிலை விட்டு இறங்காமல் இருப்பதையும் பார்க்கலாம். அந்த வேறுபாட்டுக்கு நுரையீரல் மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் மார்பைப் பரிசோதித்து மருந்து எழுதவே நேரம் சரியாக இருக்கிறது. மனம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை, அதனால் நோயாளியும் சொல்வதில்லை. இந்த மௌனம் முதலில் உடைய வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தின் நோக்கம்.

மூச்சு வாங்கும்போது செத்துவிடுவோமோ என்ற பயம் ஏன் வருகிறது? என் மனம் பலவீனமானதா?

இல்லை. காற்று போதவில்லை என்ற உணர்வு வந்தவுடன் மூளை அபாய மணியை அடிப்பது உயிரோடு இருக்கும் எவருக்கும் நடப்பது. சிஓபிடியில் அது ஏன் கட்டுக்கடங்காமல் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் ஓரளவு குறையும்.

இந்த நோயில் சிறிய மூச்சுக்குழாய்கள் சுருங்கியும் தளர்ந்தும் போயிருப்பதால், உள்ளே போன காற்று வெளியேற வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். பயத்தில் மூச்சு வேகமாகும்போது, முந்தைய காற்று முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்கிறோம். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கி, மார்பு உப்பி, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இயக்கும் உதரவிதானத் தசை தட்டையாகிவிடுகிறது. புதிய காற்றுக்கு உள்ளே இடமில்லாமல் போகிறது. 'காற்றே உள்ளே போகமாட்டேன் என்கிறது' என்று நோயாளி சொல்வது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் பழைய காற்று வெளியே போகாததுதான். பயம் மூச்சை வேகமாக்குகிறது, வேகமான மூச்சு காற்றைத் தேக்குகிறது, தேங்கிய காற்று பயத்தை இன்னும் கூட்டுகிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூச்சுத் திணறலுக்கென்றே இயங்கும் மருத்துவக் குழுவினர் இதை மூச்சு, எண்ணம், செயல் என்ற மூன்று சுழல்களாக விளக்குகிறார்கள். ஒருமுறை மாடிப்படியில் திணறியவர், அடுத்த முறை படியைப் பார்த்தவுடனேயே பதறுகிறார். பிறகு படி ஏறுவதையே விட்டுவிடுகிறார். ஏறாததால் கால் தசைகள் மெலிந்து, அடுத்து ஏறும்போது முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. இந்த மூன்றில் எங்கே கை வைத்தாலும் மற்ற இரண்டும் தளரும் என்பது நம்பிக்கை தரும் செய்தி.

திணறல் வந்துவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

படுக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, உடலை முன்னே சாய்த்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். மேசை இருந்தால் அதன்மேல் தலையணையை வைத்துக் கைகளையும் தலையையும் அதில் சாய்க்கலாம். தெருவில் நின்றுகொண்டிருந்தால் சுவரிலோ வண்டியின் இருக்கையிலோ கைகளை ஊன்றிக் குனிந்து நில்லுங்கள். கைகளுக்குப் பிடிமானம் கிடைத்தால், தோள் தசைகள் மூச்சுக்கு உதவ முடியும்.

அடுத்து, முதலில் காற்றை வெளியே விடுங்கள். சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, மெல்ல, வலிந்து தள்ளாமல் விடுங்கள். பிறகு மூக்கு வழியாக இரண்டு எண்ணும் நேரம் இழுத்து, குவித்த உதட்டின் வழியாக நான்கு எண்ணும் நேரம் விடுங்கள். நான்கு வரை முடியாவிட்டால் மூன்று போதும். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருப்பதுதான் முக்கியம். உதட்டைக் குவிக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் லேசான அழுத்தம் நிலைத்து, அது மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேற வழி கிடைக்கிறது.

முகத்தில் காற்றுப் படுவதும் உதவும். கையடக்க பேட்டரி விசிறியை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கிலும் மேலுதட்டிலும் காற்று படும்படி வைத்தால், அந்தப் பகுதியின் நரம்புகள் வழியாக மூச்சுத் திணறல் உணர்வு தணிகிறது. ஆய்வுகளில் பலன் காட்டிய முறை இது. மருத்துவர் உடனடி நிவாரணத்துக்கு எழுதிக்கொடுத்த இன்ஹேலர் இருந்தால், சொன்ன அளவில், ஸ்பேசருடன் (இன்ஹேலரின் முனையில் பொருத்தும் குடுவை) எடுங்கள்.

உடனிருப்பவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்க வேண்டாம். பதில் சொல்லவும் மூச்சு வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுங்கள். அவர் உங்களைப் பார்த்துப் பின்பற்றுவார். ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், தலையசைப்பில் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். இவை எல்லாவற்றையும் நன்றாக இருக்கும் நாட்களில் தினமும் இரண்டு வேளை பழக வேண்டும். திணறும்போது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இது பதற்றத்தால் வந்த மூச்சுத் திணறலா, நோய் முற்றுகிறதா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதற்றத் தாக்குதல் திடீரென்று வந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நோய் தீவிரமாகும்போது மூச்சுத் திணறல் பல மணி நேரமாகவோ நாட்களாகவோ கூடிக்கொண்டே வரும், சளி அதிகமாகும் அல்லது மஞ்சளாக, பச்சையாக மாறும், காய்ச்சலும் இருக்கலாம்.

ஆனால் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. அதனால் சந்தேகம் இருந்தால் நுரையீரல் நோயாகவே கருதி மருத்துவரிடம் போங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாய்தல், குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், நெஞ்சு வலி, காலில் ஒருபக்க வீக்கத்தோடு திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். 'இவருக்கு எப்போதும் இப்படித்தான், டென்ஷன்' என்று வீட்டிலேயே முடிவு செய்வது ஆபத்தானது.

எப்போதும் களைப்பாக இருக்கிறது. தூக்கமும் பசியும் இல்லை. இது நோயா, மனச்சோர்வா?

களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை ஆகிய மூன்றும் இரண்டிலும் வரும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. மூச்சே தேவைப்படாத இன்பங்கள் என்ன ஆயின என்று பாருங்கள். பேரனின் மழலை, காலையில் நாளிதழ், வானொலியில் பழைய பாட்டு, வழக்கமாகப் பார்க்கும் தொடர் ஆகியவற்றை உட்கார்ந்த இடத்திலேயே அனுபவிக்கலாம். இவையும் சுவைக்காமல் போய், மனம் கனத்து, 'எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்' என்ற எண்ணம் பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வுக்கான பரிசோதனை தேவை.

பிஎச்க்யூ-9 என்னும் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் பரவலாகப் பயன்படுகிறது. அதில் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். அது வடிகட்டும் கருவி மட்டுமே. நோயை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். காலையில் தலைவலியோடு எழுவதும், பகலில் அடங்காத தூக்கமும், மறதியும் சேர்ந்து வந்தால், இரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் தரும்.

நான் எடுக்கும் மருந்துகளே மனநிலையை மாற்றுமா?

மாற்றக்கூடும். இதை நோயாளிகளிடம் முன்கூட்டியே சொல்வது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் மருந்தின் விளைவைத் தன் மனத்தின் கோளாறு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

சால்பியூட்டமால் இன்ஹேலரும் நெபுலைசரும் கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் கொஞ்ச நேரம் உண்டாக்கும். அதைப் பதற்றம் என்று நினைத்து மறுபடியும் நெபுலைசர் வைத்துக்கொண்டால் படபடப்புதான் கூடும். நம் ஊரில் பல ஆண்டுகளாகப் பழக்கமான டெரிஃபிலின் மாத்திரையில் தியோஃபிலின் இருக்கிறது. அது தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைத் தரும். பீடி, சிகரெட் புகையால் உடல் தியோஃபிலினை வேகமாக வெளியேற்றுகிறது என்பதால், புகையை நிறுத்தியவுடன் அதே மாத்திரை இரத்தத்தில் அதிகமாகச் சேரும். சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளோடும் அப்படியே. ஆகவே புகையை நிறுத்திய செய்தியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் தூக்கமின்மையையும், சிலருக்கு இயல்புக்கு மாறான உற்சாகத்தையும் தரும். நிறுத்தும்போது மனம் தொய்வடையலாம். காலை உணவுக்குப் பிறகு எடுத்தால் இரவுத் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் தரப்படும் மான்டெலுகாஸ்ட் மருந்து கெட்ட கனவு, கோபம், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் ஆகியவற்றை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. சளிக்கும் தும்மலுக்கும் இந்த மாத்திரை நம்மிடையே சர்வசாதாரணமாகப் புழங்குவதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மருந்துக்கு எதிர்ப்புள்ள காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரினும் மனநிலையைப் பாதிக்கும்.

இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். எந்த மருந்து தொடங்கிய பிறகு என்ன மாற்றம் வந்தது என்று தேதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தால் மூச்சு நின்றுவிடுமா? தூக்க மாத்திரை எடுக்கலாமா?

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம். செர்ட்ராலின், எசிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் வழக்கமான அளவில் மூச்சை அடக்குவதில்லை. போதைப் பழக்கமாகவும் மாறுவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். தொடக்கத்தில் குமட்டல் இருக்கலாம். திடீரென்று நிறுத்தக் கூடாது. அவை குணப்படுத்துவது மனச்சோர்வையும் பதற்றத்தையும்தான். மூச்சுத் திணறலை மட்டும் குறைப்பதற்காக செர்ட்ராலினையும் மிர்ட்டாசபினையும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்ப்ரஸோலம், டயஸிபம், குளோனஸிபம் போன்ற மருந்துகள் வேறு வகை. அவை மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மந்தப்படுத்தக்கூடும்; கரியமில வாயு தேங்கும் நோயாளிகளுக்கு இது பேராபத்து. வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழவும் காரணமாகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையில் பாதியைக் கிள்ளிப் போடுவதும் அறவே கூடாது. பல ஆண்டுகளாக எடுத்து வருகிறவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரை இல்லாத வழியும் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசிலில் நுரையீரல் பிரிவுச் செவிலியர்களே பயிற்சி பெற்று, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையைச் சில அமர்வுகளில் வழங்கினார்கள். துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் பேசியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. 2018-இல் இதன் முடிவுகள் வெளிவந்தன. நம் மார்பு நோய் மருத்துவமனைகளின் செவிலியர்களுக்கும் இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று நாங்கள் அவரை எந்த வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் அவர் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே போகிறார். ஏன்?

உங்கள் அன்பில் குறையில்லை. ஆனால் ஓய்வு இந்த நோய்க்கு மருந்து அல்ல. உட்கார்ந்தே இருப்பவரின் தொடைத் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கிறது. முன்பு கொல்லைப்புறம் வரை நடந்தால் வாங்கிய மூச்சு இப்போது கூடம் வரை நடந்தாலே வாங்குகிறது. அதோடு, வீட்டின் வரவு செலவைப் பார்த்த கை, ரேஷன் கடைக்குப் போன கால், பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த பொறுப்பு என ஒவ்வொன்றாகப் பறிபோகும்போது, தான் இந்த வீட்டில் எதற்கு என்ற கேள்வி அவர் மனத்தில் எழத்தான் செய்யும். நாள்பட்ட நுரையீரல் நோயில் மனச்சோர்வை வளர்ப்பதில் மூச்சுத் திணறலுக்கு இணையாக இந்த இழப்புக்கும் பங்கு உண்டு.

இதற்கு மிக வலுவான சான்று உள்ள சிகிச்சை நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. 6 முதல் 12 வாரங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள், இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பில் நடையும் தசைப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் கற்றுத் தருவார்கள். மூச்சுத் திணறல் குறைவதோடு, பதற்றமும் மனச்சோர்வும் குறைவதைப் பல ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. நம் நாட்டில் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில்தான் இந்த வசதி உண்டு என்பது வருத்தத்துக்குரியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர் அனுமதித்தால் வீட்டிலேயே தொடங்கலாம். வாசலிலிருந்து தெருமுனை வரை, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடக்கட்டும். வழியில் உட்கார ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். மிதமாக மூச்சு வாங்குவது ஆபத்து அல்ல, அது பயிற்சியின் பகுதி என்பதை அவரும் நீங்களும் நம்ப வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். குளித்தபின் குனிந்து துவட்டுவதுதான் அதிகம் திணற வைக்கும் என்பதால், பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு சற்று உட்காரட்டும். கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, கரண்ட் பில் கணக்குப் பார்ப்பது என ஏதாவது ஒரு வேலை அவருக்கே உரியதாக இருக்கட்டும். 'நீங்க உட்காருங்கப்பா' என்பதற்குப் பதிலாக, 'நீங்க செய்றீங்களாப்பா, நான் கூட இருக்கட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள்.

பிராணாயாமம் செய்யலாமா?

மூச்சை மெல்ல நீட்டி விடும் எளிய பயிற்சிகளைச் செய்யலாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளும் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும், காற்று தேங்கும் நுரையீரலுக்குப் பொருந்தாது. பாடுவது நல்ல மாற்று. பிரிட்டனில் நுரையீரல் நோயாளிகளுக்கென்றே பாட்டுக் குழுக்கள் நடக்கின்றன. நம்மிடம் பஜனையும் தேவாரமும் கீர்த்தனையும் இருக்கின்றன. நீண்ட அடியைப் பாடும்போது மூச்சு தானாகவே நீண்டு வெளியேறும். நாலு பேரோடு சேர்ந்திருக்கும் நிறைவும் கிடைக்கும்.

பீடி குடித்து நானே இதை வரவழைத்துக்கொண்டேன். யாரிடம் போய் வருத்தத்தைச் சொல்வது?

பெரும்பாலானவர்களுக்குப் பீடி கைக்கு வந்தது பதின்ம வயதில். நிக்கோட்டின் மூளையைப் பிடித்துக்கொண்ட பிறகு அது வெறும் விருப்பமாக இருப்பதில்லை. புகைப்பவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் வருவதும் இல்லை. நோய் வந்த ஒருவரைத் தண்டிப்பதுபோல் பேசினால், அவர் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதும், ஒளிந்து புகைப்பதும்தான் நடக்கும்.

இன்னமும் புகைக்கிறீர்கள் என்றால், இப்போது நிறுத்தினாலும் நுரையீரல் தேய்வது மட்டுப்படும். 'டென்ஷனுக்கு ஒரு பீடி' என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பீடி தணிப்பது பெரும்பாலும் முந்தைய பீடியின் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த தவிப்பைத்தான். நிறுத்திய முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் அடங்கும். அதன்பின் பதற்றமும் மனச்சோர்வும் முன்பிருந்ததைவிடக் குறைகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடுகள் காட்டுகின்றன. 1800-11-2356 என்ற இந்திய அரசின் இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை கிடைக்கும்.

நான் வாழ்நாளில் புகைத்ததே இல்லை. எனக்கு ஏன்?

விறகும் சாணி வரட்டியும் எரியும் அடுப்படியில் பல பத்தாண்டுகள் சமைத்த பெண்களுக்குச் சிஓபிடி வருவது நன்கு அறியப்பட்ட உண்மை. பஞ்சாலைத் தூசியும் கல்குவாரித் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். பழைய காசநோயும் ஒரு காரணம். 'பொம்பளைக்கு எப்படி பீடி நோய் வந்தது' என்ற பேச்சைக் கேட்டுக் கூசிப்போன தாய்மார்கள் நிறையப் பேர். குடும்பத்துக்குச் சமைத்ததால் வந்த நோய்க்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கோபம் வந்தால் அது நியாயமான கோபம். அதை மனத்துக்குள் புதைக்காமல் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

பேருந்தில் இருமினால் எல்லாரும் விலகி உட்காருகிறார்கள். வெளியே போகவே பிடிக்கவில்லை.

கோவிட் காலத்துக்குப் பிறகு இந்தப் பார்வை இன்னும் கடுமையாகிவிட்டது. 'இது பழைய நுரையீரல் நோய், யாருக்கும் ஒட்டாது' என்ற ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். அதற்கு மேல் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. காசநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடித்துக் குணமானவரின் நுரையீரல் தழும்பு யாருக்கும் தொற்றாது. ஆனால் புதிதாகக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் தென்பட்டால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இன்ஹேலர் பழகிவிடும், அதை எடுத்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள் என்பதெல்லாம் உண்மையல்ல. நான்கு பேர் முன்னிலையில் எடுக்கக் கூச்சப்பட்டு, திருமண மண்டபத்துக் கழிவறையில் ஒளிந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் ஒளிவதில்லை, இதற்கும் தேவையில்லை. போகிப் புகையும் தீபாவளி வெடிப் புகையும் உள்ள நாட்களில் வீட்டுக்குள் இருப்பது நல்லது. அந்த நாட்களில் உறவினர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொல்கிறார்கள். இது கடைசிக் கட்டமா?

கடைசிக் கட்டம் என்று பொருள் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த சிஓபிடி நோயாளிகள் நாளுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பதை 1980, 1981 ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகள் நிறுவின. அது பழக்கமாகி நுரையீரலைச் சோம்பலாக்கும் என்பது தவறான எண்ணம். ஆக்சிஜன் அளவு குறையாதவருக்கு அதனால் மூச்சுத் திணறல் குறைவதில்லை என்பதால், பரிசோதனைக்குப் பிறகே தருவார்கள்.

மூக்கில் குழாயோடு விருந்தினர் முன் உட்காரக் கூசுவதும், இயந்திரத்தின் இரைச்சலும், மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கவலையும் உண்மையான சுமைகள். நீளமான குழாய் வாங்கினால் திண்ணை வரை வந்து உட்கார முடியும்; மாற்று சிலிண்டர் ஒன்றை வைத்திருந்தால் மின்வெட்டுப் பயம் தணியும். குத்துவிளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. திணறும்போது அளவைத் தாமாகக் கூட்டவும் கூடாது.

ஆக்சிமீட்டரை அரை மணிக்கு ஒருமுறை பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு எந்த அளவு இயல்பு, எந்த அளவுக்குக் கீழே போனால் அழைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். சிஓபிடி உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரையே இலக்காக இருக்கும். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, மருதாணி ஆகியவை அளவை மாற்றிக் காட்டும். மருத்துவர் சொன்ன வேளைகளில் மட்டும் பார்த்து, கருவியை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடுவது பலருக்கு நிம்மதி தருகிறது.

தாம்பத்திய உறவைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மெதுவாக ஒன்றிரண்டு மாடி ஏற முடிகிறவர்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. சாப்பிட்டவுடன் வேண்டாம், மருத்துவர் சொன்ன இன்ஹேலரை முன்னதாக எடுத்துக்கொள்ளலாம், மார்பில் பாரம் விழாத நிலைகள் உதவும். பேசாமல் விலகிப் படுப்பதை வாழ்க்கைத் துணை வெறுப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூச்சு முட்டித்தான் சாவேனோ என்று இரவெல்லாம் நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியை வீட்டார் 'அப்படியெல்லாம் பேசாதே' என்று அடக்கிவிடுகிறார்கள். அடக்கிய பயம் இரவில்தான் திரும்ப வருகிறது. கடைசிக் காலத் திணறலைத் தணிக்க முடியும். குறைந்த அளவு மார்ஃபின் உள்ளிட்ட மருந்துகளை வலி தணிப்பு மருத்துவர்கள் கவனமாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்களைப் பார்ப்பது சிகிச்சையைக் கைவிடுவதாகாது. நுரையீரல் சிகிச்சையோடு சேர்த்தே, முன்கூட்டியே பார்க்கலாம். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா வேண்டாமா என்ற உங்கள் விருப்பத்தை முன்னதாகவே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் அதன் நடைமுறையை எளிமையாக்கியது. அதைப் பற்றிக் குடும்பத்தோடு நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பேசுவது நல்லது.

வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறது.

இதை இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். இந்த எண்ணம் நோயின் பாரத்தாலும் மனச்சோர்வாலும் வருவது, சிகிச்சையால் குறையக்கூடியது. இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணையும், சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவை 044-24640050 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இலங்கையில் 1926 தேசிய மனநல உதவி எண். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் திட்டம் மனத்தில் இருந்தால் தனியாக இருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். வீட்டார் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கேட்பது பாதுகாப்பைத்தான் தரும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். எனக்கே எரிச்சலும் அழுகையும் வருகின்றன.

இரவில் அவரது மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பவருக்குத் தூக்கம் எப்படி வரும்? எரிச்சல் அன்பின்மையின் அடையாளம் இல்லை. வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் அண்ணனோ தங்கையோ வந்து உட்கார வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல் நாள் குறித்துக் கேளுங்கள். 14416 எண் உங்களுக்கும் உரியதுதான்.

மருத்துவரிடம் இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது?

உள்ளே போனவுடன், மார்பில் கருவியை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: 'டாக்டர், மூச்சுத் திணறலைவிட அதைப் பற்றிய பயம்தான் என்னை முடக்குகிறது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. இதற்கும் சிகிச்சை வேண்டும்.' கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் அடுத்த நோயாளியின் பெயரை அழைத்துவிடுவார்கள். எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும், ஆயுர்வேத, சித்த மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைத்தால் மறுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனைகளிலேயே அவர்களைப் பார்க்க முடியும். போகும்போது நுரையீரல் மருத்துவரின் சீட்டையும் கையோடு கொண்டுபோனால், உங்களுக்குப் பொருந்தாத தூக்க மருந்துகளைத் தவிர்க்க அவருக்கு வசதியாக இருக்கும்.